‘பயோ’ என்று எழுதிய துணி

அந்தச் செல்களைக் கொன்றது நீங்கள்தான், மச்சான். உங்கள் தங்கச்சியின் கரி கொல்லவில்லை. உங்கள் வாஷிங் யூனிட்டில் ஊற்றிய சாஃப்ட்னர் கொன்றது. இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கணியூர் மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து உங்கள் பேச்சைக் கேட்ட சொந்தக்காரர்களுக்கு மட்டும் இன்னும் தெரியாது. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. திருப்பூர் மண்ணரையில் பனியன் துணி பின்னுகிற சின்ன நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். கீழே மெஷின்கள், மேலே ஊடு. மெஷின் ஓடும்போது மாடியில் வைத்த டம்ளர் நடுங்கும், தண்ணீரில் வளையம் வளையமாக வரும். அந்தச் சத்தத்திலேயே உட்கார்ந்துதான் என் மனைவி பாடம் தயார் பண்ணுவாள். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறாள். வேலையோடு சேர்த்து டாக்டர் பட்டத்துக்கும் படிக்கிறாள். நாற்பது வயதுக்கு மேல் எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, தன் ஆராய்ச்சி கார்பன் நானோ டியூப் பற்றியது என்றாள்.

எங்கள் தொழிலில் டியூப் என்றால் ஒன்றுதான். வட்ட மெஷினில் பின்னி இறங்குகிற துணி தையல் இல்லாமல் குழாய் போலவே வரும். அதை வெட்டாமல் விட்டால் டியூப், நீளவாக்கில் வெட்டி விரித்தால் ஓப்பன். டியூப் என்று யாராவது சொன்னால் அதன் குறுக்களவைக் கேட்கிற கேள்வி எங்கள் வாயில் தானாக வந்து நிற்கும்.

“என்ன டயா?” என்றேன்.

அவள் சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு தலைமுடியைப் பல ஆயிரமாகப் பிளந்தால் அதில் ஒன்று என்ன தடிமன் இருக்குமோ அதுதான் டயா என்றாள். கரியின் ஒரே ஓர் அடுக்கை எடுத்துப் பாய் மாதிரிச் சுருட்டியது, சிலதில் சுருளுக்குள் சுருள் இருக்கும் என்றாள். அந்த டயாவுக்கு என்னிடம் மெஷின் இல்லையே என்றேன். மறுபடி சிரித்தாள். அன்றைக்குச் சப்பாத்தி கருகிப் போனது.

இந்தக் கதையை அவள் தன் கைடு மேடத்திடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா சிரிக்கவில்லையாம். உங்க வீட்டுக்காரர் கேட்டதுதான் முதல் கேள்வி என்றாராம். செல்லுக்குப் பக்கத்தில் இந்தக் குழாயைக் கொண்டு போனால் என்ன நடக்கும் என்பது அதன் டயாவையும், நீளத்தையும், விறைப்பையும், மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்பதையும் பொறுத்தது என்றாராம். அதைக் கேட்ட நாள் நான் மெஷின் ஃபிட்டரிடம்கூடக் கொஞ்சம் கெத்தாகத்தான் பேசினேன்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு இதே பேச்சுதான். எனக்குத் தெரிந்த நூலை வைத்து நான் கேட்பேன், அவளுக்குத் தெரிந்த செல்லை வைத்து அவள் சொல்வாள். பாதி நேரம் நான் சொல்வது தலைகீழாக இருக்கும். நல்ல நூல் வேண்டுமென்றால் பஞ்சு நீளமாக இருக்கவேண்டும், குட்டைப் பஞ்சைச் சீவித் தள்ளிவிடுவார்கள். அப்போ நீட்டுக் குழாய்தானே நல்லது என்றேன்.

“இல்லீங்க. ஒடம்புல கண்டதையும் முழுங்கிச் சுத்தம் பண்றதுக்குன்னே ஒரு செல்லு இருக்குது. அதுகிட்ட நீளமா, விறைப்பா இருக்கற குழாயக் குடுத்தா, முழு முருங்கைக்காய வளைக்காம வாயில வெச்ச மாதிரி ஆயிரும். பாதி உள்ள, பாதி வெளிய. வாய மூட முடியாது. முழுங்கினதக் கரைக்கற அமிலம் வெளிய வழிஞ்சு சுத்தியிருக்கற சதையெல்லாம் புண்ணாகும். அதனால குட்டையா வெட்டித்தான் எடுத்துக்கறோம்.”

அதோடு விடவில்லை. கடையிலிருந்து வருகிற குழாயில் அதை வளர்க்கப் பயன்படுத்திய இரும்புத் துகள் ஒட்டியிருக்குமாம். அதுவும் செல்லுக்கு ஆகாது, அமிலத்தில் கழுவி எடுக்கவேண்டும். கழுவுவதில் இன்னொரு லாபம். தண்ணீரில் சேராமல் கட்டிகட்டியாக நிற்கிற கரி, அதற்குப் பிறகு மை மாதிரிக் கரைந்து நிற்கும். ரத்தத்தில் விட்டால் அடுத்த நொடியே அங்கே இருக்கிற புரதமெல்லாம் அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். செல் கரியைப் பார்ப்பதே இல்லை, அது போட்டிருக்கிற சட்டையைத்தான் பார்க்கிறது என்றாள். அந்தச் சட்டையைப் பொறுத்து, உள்ளே விடுவதா, துரத்துவதா என்று முடிவு பண்ணுமாம்.

இது விஷமா இல்லையா என்று நான் ஒரு தடவை நேராகவே கேட்டேன். அப்படி ஒரே வார்த்தையில் கேட்காதீர்கள் என்று கோபப்பட்டாள். எவ்வளவு நீளம், மேலே என்ன இருக்கிறது, எவ்வளவு போனது, எங்கே போனது, இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்புறம் கேளுங்கள் என்றாள். பொடியாக இருக்கும்போது அவள் மாஸ்க், கையுறை இல்லாமல் அதைத் தொட்டதில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டுத்தான் வேலை செய்வாள். இத்தனை ஜாக்கிரதையாக இருக்கிறவளைத்தான் நீங்கள் அப்படிச் சொன்னீர்கள், மச்சான். அதற்கு வருகிறேன்.

அவள் ஆராய்ச்சி இதுதான். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத்தில் ஒரு இடம் தழும்பாகிவிடும். அந்தத் தழும்பில் மின்சாரம் ஓடாது, அதனால் அந்த இடம் மட்டும் துடிக்காமல் கிடக்கும். அங்கே ஒட்டுப் போட ஒரு துண்டு வேண்டும். இதயம் விரிந்து சுருங்கும்போது அதுவும் கூடவே விரியவேண்டும், மின்சாரமும் கடத்தவேண்டும், செல்லும் அதன்மேல் உயிரோடு உட்காரவேண்டும். மின்சாரத்துக்கு நானோ டியூப் இருக்கிறது. விரிகிற துணிக்கு எங்கே போவாள்? பனியன் துணியை விட நன்றாக எது இழுபடும்? மாடியிலிருந்து இறங்கி வந்து என் மெஷின் முன்னால் நின்றாள்.

ரொம்ப மெல்லிய நூல் போட்டு, கண்ணி தெரிகிற மாதிரி லேசாகப் பின்னிக் கொடுத்தேன். அதை அவள் கரி மையில் முக்கி, காயவைத்து, அலசி, திரும்ப முக்கி, ஒரு கருப்புத் துண்டாகக் கொண்டு வந்தாள். ஃபிட்டரின் மல்டிமீட்டரை எடுத்து இரண்டு பக்கமும் வைத்தேன். எண் ஓடியது. நான் பின்னிய பனியன் துணிக்குள் கரண்ட் ஓடுகிறது. பக்கத்து யூனிட்காரரை, டீக்கடைக்காரரை, வேன் டிரைவரை, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இதைப் போட்டால் ஷாக் அடிக்குமா என்று டிரைவர் கேட்டார். உனக்கு அடிக்கும் என்றேன்.

செல்லுக்குப் பல்லடத்துக் கோழிப் பண்ணை. குஞ்சு பொரிக்க வைக்கிற கருமுட்டை வாங்கி, சில நாள் சூட்டில் வைத்து, உள்ளே உருவாகிற இதயத்திலிருந்து செல்லைப் பிரித்தெடுப்பார்கள். முட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்வாள், நான் வண்டி ஓட்டுவேன். பல்லடம் ரோட்டில் எந்த ஸ்பீடு பிரேக்கர் எவ்வளவு உயரம் என்று எனக்கு அப்போதுதான் மனப்பாடம் ஆனது. மீதி முட்டையை ஆம்லெட் போடலாமா என்று என் மாமியார் கேட்டார். அத்தை, அதுக்குள்ள குஞ்சு இருக்குதுங்க என்றேன். அப்போ குழம்பா வெச்சரலாம் சாமி என்றார்.

இனி மச்சான். என் மனைவியின் அண்ணன். ஊருக்கு வெளியே, பின்னிய துணியை அலசிக் கொடுக்கிற வாஷிங் யூனிட் வைத்திருக்கிறார். நல்ல மனுசன்தான், நான் தொழில் ஆரம்பித்தபோது நாலு பேரிடம் கூட்டிப் போய் அறிமுகப்படுத்தியவர். அதெல்லாம் வேறு கணக்கு.

மெஷினிலிருந்து இறங்குகிற துணியில் ஊசிக்கு விடுகிற எண்ணெய் ஒட்டியிருக்கும். அது போகாமல் கரி பிடிக்காது. முதலில் எல்லாம் அவளே லேபில் அலசினாள். கடைசிக் கட்டத்துக்கு நிறையத் துண்டுகள் வேண்டும், எல்லாம் ஒரே மாதிரி அலசியிருக்கவேண்டும். அதனால் மச்சானிடம் கொடுத்தோம். மற்ற துணியோடு கலந்துவிடக் கூடாது என்று அவள் பை மேல் மார்க்கரில் ‘பயோ சாம்பிள்’ என்று பெரிதாக எழுதினாள். நான் போன் பண்ணி, சுடு தண்ணீரும் சோப்பும் மட்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். உங்க ஊட்டுத் துணிய நான் கெடுப்பனா மாப்ள என்றார்.

துணி வந்தது. கையில் எடுத்தால் பூ மாதிரி இருந்தது. கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, என்ன இருந்தாலும் மச்சான் மச்சான்தான் என்று பெருமைப்பட்டேன். அவள் அதைக் கரியில் முக்கி, செல்லை விட்டாள். செல் எல்லாம் செத்தது. மறுபடி முட்டை வாங்கி மறுபடி விட்டாள். மறுபடியும் செத்தது. கைடு மேடம் இன்னும் ஒரு தடவை பார்க்கலாம், அதிலும் இப்படியென்றால் தலைப்பையே மாற்றவேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் கணியூரில் மச்சானின் பேரனுக்குப் பேர் வைக்கிற விசேஷம். என் மனைவி சமையல்கட்டில் அவள் அம்மாவிடம் மனசு தாங்காமல் இதைச் சொல்லியிருக்கிறாள். அது மச்சான் காதுக்குப் போனது. பந்தியில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குழந்தை கை மாறி மாறி வந்துகொண்டிருந்தது. அடுத்து இவள் முறை. கையை நீட்டினாள்.

“அம்மிணி, நீ கொஞ்ச நாளைக்குக் கொழந்தையத் தூக்காத கண்ணு,” என்றார் மச்சான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “அந்தக் கரி பட்டு செல்லே செத்துப் போச்சாமே. அதை ஒடம்புக்குள்ள உட்டா மனுசன் பொழைப்பானா? நான் அப்பவே சொன்னேன், அது விஷம்னு.”

“கை கழுவீட்டுத்தானுங்ணா வந்தேன்,” என்றாள் அவள்.

குழந்தையை இன்னொருத்தர் வாங்கிக்கொண்டார். அவள் நீட்டிய கையை இறக்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். கை கழுவுகிற இடத்தில் ஒருத்தர் என்னிடம், கரி அம்மிணி சௌக்கியமா மாப்ள என்று கேட்டார். அந்தப் பேர் இன்றைக்கும் சொந்தத்தில் ஓடுகிறது. கைக்குழந்தைக்காரிகள் அவளைப் பார்த்தால் முந்தானையால் குழந்தையை மூடுகிறார்கள்.

வண்டியில் திரும்பி வரும்போது அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மடத்துக்குளம் தாண்டியதும் என் தோளைத் தட்டினாள்.

“ஏனுங்க, வெறும் துணியிலயும் செத்துப் போச்சுங்க.”

புரியவில்லை. வண்டியை நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும் கரி முக்கிய துண்டுக்குப் பக்கத்தில் கரி முக்காத வெறும் துண்டு ஒன்றையும் வைப்பார்களாம், ஒப்பிட்டுப் பார்க்க. அதிலும் செல் செத்திருந்தது. கரியில் செத்துவிட்டதே என்ற துக்கத்தில் அதை அவள் யோசிக்காமல் விட்டிருக்கிறாள். கரியே இல்லாத துணியில் செத்ததற்குக் கரியை எப்படிக் குற்றம் சொல்வது?

“துணி ஏன் அவ்வளவு மெத்துன்னு இருந்துச்சு?” என்றாள். நான் கன்னத்தில் தேய்த்தது எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வாஷிங் யூனிட்டுக்குப் போனோம். மச்சான் இல்லை. சாம்பிள் மெஷினில் பீகார்ப் பையன் ஒருத்தன், நல்ல வேலைக்காரன், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். அந்தத் துணியை எப்படி அலசினாய் என்று கேட்டேன். நான் பாராட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

“பயோ லிக்கா தா சேட், பயோ கர் தியா,” என்றான். பயோ என்று எழுதியிருந்தது, பயோ பண்ணிவிட்டேன். அப்புறம் தமிழில், “சாஃப்ட்னர் டபுள். ஓனர் சொந்தக்காரர் துணின்னு சொன்னாரு.”

திருப்பூரில் பயோ என்றால் பயோ வாஷ். துணிமேல் நிற்கிற பஞ்சு முடியை ஒரு என்சைம் விட்டுத் தின்ன வைத்து வழவழப்பாக்குவது, கடைசியில் சாஃப்ட்னர் ஊற்றி மெத்தென்று ஆக்குவது. பயோ மெடிக்கல் என்ற அர்த்தத்தில் ஒரு ஆள்கூட இந்த ஊரில் அதைப் படிக்கமாட்டான். நானே படித்திருக்கமாட்டேன். என் மனைவி அங்கே கட்டி வைத்திருந்த துணி மூட்டைமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சப்பாத்தி கருகிய நாள் சிரித்த அதே சிரிப்பு. எதற்கென்று தெரியாமல் பையனும் சிரித்தான், டீ வாங்கி வந்து கொடுத்தான்.

சாஃப்ட்னர் பருத்தியைப் பிடித்துக்கொண்டு விடாது, அதுதான் அதன் வேலை. செல்லின் மேல்சவ்வையும் அதே மாதிரிப் பிடித்துக் கிழிக்கும் என்று அவள் விளக்கினாள். நாம் பனியன் போட்டால் ஒன்றும் ஆகாது, நம் தோலின் மேலடுக்கு ஏற்கெனவே செத்த அடுக்கு. தட்டில் கிடக்கிற செல்லுக்கு அந்தத் தோல் கிடையாது.

மச்சானுக்கு அங்கிருந்தே போன் பண்ணினேன். பையன் மேல் எனக்குக் கோபமில்லை, உங்கள் மேலும் அதற்காகக் கோபமில்லை என்றேன். நடந்ததைச் சொந்தத்தில் சொல்லிவிடுங்கள், போதும் என்றேன். சரி உடுங்க மாப்ள, தெரியாம நடந்தது, இதையெல்லாம் போய் யார் கிட்டச் சொல்றது என்றார்.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று புதுத்துணி ஓட்டினேன். மொட்டை மாடியில் விறகடுப்பு கூட்டி, அண்டாவில் சோடா உப்பும் சோப்பும் போட்டு நாங்களே கொதிக்கவைத்தோம். அவள் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குச்சியால் கிண்டினாள். எதிர் மாடியிலிருந்து, சாய ஆலை போட்டுட்டீங்களா, பொல்யூஷன் போர்டுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார்கள். சொல்லுங்க, அவங்களுக்கும் ஒரு டம்ளர் ஊத்தறோம் என்றாள். அலசினோம், அலசினோம், தண்ணீர் குடிக்கிற மாதிரித் தெளியும் வரை அலசினோம். காய்ந்த துணி முரட்டுத் துணியாக இருந்தது. துணி வாங்க வருகிற எந்த பையரும் தொடமாட்டான். அவள் அதை முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இதுதான் வேணும் என்றாள்.

பல்லடம், முட்டை, ஸ்பீடு பிரேக்கர், லேப். சில நாள் கழித்து மத்தியானம் போன் வந்தது. வாங்க என்று மட்டும் சொன்னாள். லேபில் கைடு மேடம் என் செருப்பைக் கழற்றச் சொல்லி, கோட்டு மாட்டிவிட்டு, மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார்.

முதலில் வைத்தது வெறும் துணி. செல் உயிரோடு இருந்தது. இங்கே ஒரு கூட்டம் துடிக்கிறது, அங்கே ஒரு கூட்டம் துடிக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு. அடுத்து கரித்துணியை வைத்தார். கருப்பு நூலின் கண்ணிகளுக்கு நடுவே வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் மெல்லிய சவ்வு மாதிரி செல்கள். எல்லாம் சேர்ந்து சுருங்கின. சேர்ந்து விரிந்தன. மறுபடி சேர்ந்து சுருங்கின. ஒரே மோட்டாரில் பெல்ட் மாட்டின மாதிரி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே ஓட்டம். நூலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு பஞ்சு முடி ஒவ்வொரு துடிப்புக்கும் தலையாட்டியது. நான் ஓட்டின நூல். உயிர் அதைப் பிடித்து ஆட்டுகிறது.

நான் என்ன சத்தம் போட்டேன் என்று தெரியவில்லை, பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். கைடு மேடம் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். என் மனைவி சுவரில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு செல்லிலிருந்து கிளம்புகிற மின்சாரம் கரி வழியாக அடுத்ததுக்குப் போகிறது, அதனால்தான் ஒத்துத் துடிக்கிறது என்றாள். அப்புறம் உடனே, இது தட்டில் கிடக்கிற கோழிச் செல், மனுச இதயத்தில் ஒட்டுவதற்கு இன்னும் எத்தனையோ வருசம் இருக்கிறது, அந்தக் குழாய் உடம்புக்குள் கடைசியில் எங்கே போய்த் தங்கும் என்று இன்னும் பார்க்கவேண்டும், நீங்க பாட்டுக்கு ஊரெல்லாம் மாரடைப்புக்கு மருந்துன்னு சொல்லிராதீங்க மாமா என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை. டீக்கடைக்காரரிடம் மட்டும் கொஞ்சம் சொன்னேன்.

வருகிற வழியில் பேக்கரியில் வண்டியை நிறுத்தி, தேங்காய் பன்னும் டீயும் வாங்கினோம். அவள் ஒரு கையில் பன்னைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போனில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்து, என்னங்க அது, துடிக்குது என்றார். எங்க துணிங்க என்றாள். எங்க என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னொரு பன் வாங்கிக் கொடுத்தேன்.

வீடியோவைச் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. மச்சான் ஒரு கட்டை விரல் படம் போட்டார்.

கட்டை விரல் போதாது, மச்சான். மைக்கே வேண்டாம் என்கிற அளவு குரலில் ஒரு மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி விஷம் என்று சொன்னீர்கள். அதைத் திரும்ப எடுக்க விரல் மட்டும் எப்படிப் போதும்? அவள் இதைப் பற்றி உங்களிடம் கேட்கமாட்டாள், அண்ணன் என்று சும்மா இருப்பாள். நான் சும்மா இருக்கமாட்டேன். அடுத்த மாதம் குழந்தைக்குக் காது குத்து. பத்திரிகை வந்துவிட்டது, இரண்டு பேரும் வருகிறோம். இதை எனக்குத் தனியாகப் போன் பண்ணிப் பேசவேண்டாம், ஊட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே பேசவும் வேண்டாம். கேள்வி ஒன்றுதான். அந்தச் செல் செத்தது உங்கள் தங்கச்சி கரியிலா, உங்கள் சாஃப்ட்னரிலா? எழுந்து நின்று, எல்லாரும் கேட்க, பதில் சொல்லுங்கள்.